கட்டியை எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு மருந்து?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஊறுகாய் பூசணம் பூக்காமல் இருக்க வழி, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் கைவைத்தியம் என்று ஏதாவது எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். வயது நாற்பத்தொன்று. மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறதாம். "கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் எதுக்கு கீமோ, கரண்ட் எல்லாம்? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், இதே கேள்வியை மனசில் போட்டுக்கொண்டு நானும் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தவள்தான். இத்தனை நாள் இதை இங்கே எழுதவில்லை. கூச்சம்தான் காரணம். இனி கூச்சப்பட்டு என்ன ஆகப் போகிறது? சொல்லிவிடுகிறேன்.

2022 நவம்பரில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்து நாலு. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மார்பை முழுசாக எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "கீமோ கொடுக்கணும், அப்புறம் ரேடியேஷன், அதுக்கப்புறம் சில வருஷம் மாத்திரை" என்றார். எனக்கு அப்படியே நாற்காலியில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆபரேஷனோடு முடிந்தது என்றுதானே நினைத்திருந்தேன்!

வீட்டில் பேச்சு ஆரம்பமானது. மாமியார், "கத்தி வெச்சு எடுத்தாச்சு. இல்லாத நோய்க்கு எதுக்கு விஷ மருந்து? உடம்பு தாங்குமா?" என்றார். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்கா, யாரோ கொடுத்ததாக ஒரு சூரணப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். என் கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, "நீ என்ன சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி தூங்காமல் புரண்டு கொண்டிருப்பார்.

எனக்கோ மனசில் இரண்டு முள். ஒன்று, மகள் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. நான் படுத்துக்கொண்டால் அவளுக்கு யார் சமைப்பது, யார் எழுப்பிவிடுவது? "பரீட்சை முடியட்டும், ஏப்ரலில் பார்த்துக்கலாம்" என்று உள்ளுக்குள் தீர்மானமே செய்துவிட்டேன்.

இரண்டாவது, எதிர்வீட்டு அக்கா. தெலுங்குக்காரர். வயது அறுபத்து நாலு. எனக்கு ஒரு வருஷம் முன்னால் அவருக்கும் இதே நோய்தான். அவருக்கு ஒரு பக்க மார்பையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கீமோவும் இல்லை, கரண்டும் இல்லை. தினம் ஒரே ஒரு மாத்திரை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். "எனக்கு ஒண்ணும் கொடுக்கலையே, உனக்கு மட்டும் எதுக்கும்மா?" என்று அவரே கேட்டார். எனக்குச் சந்தேகம் முளைத்தது. அவருக்கு முழுசாக எடுத்தார்கள், அதனால் மருந்து வேண்டாம். எனக்குப் பாதியை விட்டுவைத்தார்கள், அந்த மிச்சத்துக்குத்தான் இத்தனை மருந்தோ? முழுசாகவே எடுத்திருக்கச் சொல்லியிருக்கலாமோ? இந்தக் கணக்கு சரி என்றே ஒரு மாசம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கூடவே மகளும் வந்தாள். என் சந்தேகத்தை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்று சொல்லி, ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க வீட்டுல கீரைப் பாத்தி இருக்கா? அதுல கோரைப் புல்லு முளைச்சா என்ன செய்வீங்க?"

"பிடுங்குவோம்."

"பிடுங்கினா தீர்ந்துடுமா?"

தீராது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பத்து நாளில் வேறு இடத்தில் தலைகாட்டும். அதைத்தான் அவர் சொன்னார். ஆபரேஷன் என்பது கண்ணுக்குத் தெரிந்ததை எடுப்பது. அதற்கு முன்பே ஒன்றிரண்டு செல்கள் ரத்தத்தில் கலந்து வேறு இடத்துக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். எந்த ஸ்கேனிலும் அத்தனை சிறிசு தெரியாது. அப்படி ஒளிந்திருந்தால் அதை அழிக்கத்தான் உடம்பு முழுக்கப் போகிற மருந்து. மார்பை முழுசாக எடுத்தாலும் பாதி எடுத்தாலும் அந்தக் கேள்வி மாறாது. ரேடியேஷன்தான் விட்டுவைத்த மார்புக்குக் காவல். ஆக, இரண்டும் வேறு வேறு வேலை. நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிசாக வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் டாக்டர்களே நம்பினார்களாம். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற டாக்டர் அதை எதிர்த்தார். ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பை முழுசாக எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 1985-ல் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். அதற்கு முன்பே 1976-ல் இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் போனடோனா, நெறிக்கட்டிக்குப் பரவிய பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து கொடுத்துப் பார்த்து, நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டினார். இன்று நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் அந்தப் பெண்கள் வழி வந்த அனுபவம்தான்.

சரி, எதிர்வீட்டு அக்காவுக்கு ஏன் வேண்டாம், எனக்கு ஏன் வேண்டும்? டாக்டரம்மா ரிப்போர்ட்டில் விரல் வைத்துக் காட்டினார். அக்காவுக்கு நெறிக்கட்டியில் நோய் இல்லை. எனக்கு ஒன்றில் இருந்தது. அக்காவுக்கு மாதவிலக்கு நின்று பல வருஷம். எனக்கு நிற்கவில்லை. என்னைப் போல மாதவிலக்கு நிற்காத வயதில், நெறிக்கட்டிக்கும் வந்துவிட்டால் கீமோவால் பலன் உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அக்கா வயதில், அவர் மாதிரி ரிப்போர்ட் இருந்தால் மாத்திரையே பெரும்பாலும் போதும். நோய்க்குப் பெயர் ஒன்றுதான். ஆனால் அவர் ரிப்போர்ட் வேறு, என் ரிப்போர்ட் வேறு. எதிர்வீட்டு ஜாக்கெட் அளவில் எனக்கு ஜாக்கெட் தைக்க முடியுமா?

சகோதரிகளே, ஆபரேஷன் ரிப்போர்ட்டில் இந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள். இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

1. கட்டி எத்தனை சென்டிமீட்டர்.

2. எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய்.

3. கிரேடு: 1, 2, 3 என்று இருக்கும். 3 என்றால் வேகமாக வளரும் ஜாதி.

4. ஈ.ஆர்., பி.ஆர்.: நம் உடம்பில் ஊறும் பெண்மைச் சுரப்பு அந்தக் கட்டிக்குத் தீனியா என்று சொல்வது. பாசிட்டிவ் என்றால் மாத்திரை வேலை செய்யும்.

5. ஹெர்-2: இது பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே டிராஸ்டுஜுமாப் என்ற தனி ஊசி உண்டு. சாதாரணமாக ஒரு வருஷம் போட வேண்டும். ஒரு காலத்தில் யானை விலை. நம் ஓசூர் ரோட்டிலேயே, எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் பயோகான் கம்பெனி 2014-ல் இந்தியத் தயாரிப்பைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது.

நாலாவதும் ஐந்தாவதும் இரண்டுமே நெகட்டிவ் என்றால் மாத்திரையும் அந்த ஊசியும் பலிக்காது. கீமோவைத்தான் பெரிதும் நம்ப வேண்டும்.

எல்லாருக்கும் கீமோ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறிக்கட்டியில் நோய் இல்லை என்று இருக்கும் பெண்களில் நிறையப் பேருக்குக் கீமோ இல்லாமல் மாத்திரையே போதும் என்று 2018-ல் வந்த பெரிய ஆராய்ச்சி சொன்னது. எடுத்த கட்டியிலேயே 21 ஜீன்களைச் சோதித்து இதைக் கணிக்கிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்கள், "இந்த டெஸ்ட் எனக்கு உதவுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

அன்றைக்கு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "டாக்டர், அம்மா மாதிரி நூறு பேர் மருந்து எடுத்துக்காம இருந்தா எத்தனை பேருக்குத் திரும்ப வரும்? எடுத்துக்கிட்டா எத்தனை பேருக்கு வரும்?" டாக்டரம்மா ஒரு காகிதத்தில் நூறு புள்ளி வைத்துக் காட்டினார். அந்தக் கணக்கை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதை உங்கள் கணக்கு என்று எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் ரிப்போர்ட்டுக்கு உங்கள் கணக்கை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்து எடுத்தும் சிலருக்குத் திரும்பத்தான் செய்கிறது. எடுக்காமலே பலருக்குத் திரும்புவதில்லை. யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்காகத்தான் இத்தனை பாடு என்று புரிந்ததும், பயம் போகவில்லை என்றாலும் குழப்பம் போய்விட்டது.

பரீட்சை விஷயத்தையும் சொன்னேன். டாக்டரம்மா தலையசைத்தார். "ஆபரேஷன் ஆகி நாலு, ஆறு வாரத்துல ஆரம்பிக்கிறது நல்லது. மூணு மாசம் தாண்டினா பலன் குறையுது. ஏப்ரல் வரைக்கும் முடியாதும்மா." பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளி வரை மகள் பேசவே இல்லை. எல்லை தாண்டியதும், "நான் பரீட்சை எழுதறதுக்கு நீ நாள் தள்ளிப் போட்டேன்னு வெச்சுக்கோ. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா, அந்த மார்க்கை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்றாள். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மறுநாளே போன் செய்து தேதி வாங்கினேன்.

கீமோவை இனிப்பாகச் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முதல் நாலு தடவையும் ஒரு சிவப்பு மருந்து. அன்றைக்குச் சிறுநீரே சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்றாவது வாரம் தலையணை எல்லாம் முடி. மகளே கத்தரியால் வெட்டிவிட்டாள். வாயில் புண் வந்தது. கொதித்து ஆறின நீரில் உப்பும் கொஞ்சம் சோடா உப்பும் கலந்து கொப்பளித்தேன். நாக்கில் எல்லாம் இரும்பு ருசி. வேண்டாம் என்று சொன்ன அதே மாமியார்தான் தினம் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா கூடையோடு சாப்பாடு அனுப்பி, என் மகளையும் மகனையும் தன் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கீமோ எடுக்கும்போது வெள்ளை அணுக்கள் இறங்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். வெளியே நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத தண்ணீர் வேண்டாம்.

அக்கா கொடுத்த சூரணம்? உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் தேனில் குழைத்துச் சாப்பிட்டேன். பிறகு மனசு கேட்காமல் டாக்டரம்மாவிடம் பொட்டலத்தைக் காட்டினேன். "இதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கீமோவும் இதுவும் சேர்ந்து ஈரலைக் கெடுத்தா, கீமோவை நிறுத்த வேண்டி வரும்" என்றார். அதோடு விட்டேன். நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் சாப்பிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கீமோ முடிந்து ரேடியேஷன், பதினைந்து நாள். ஒவ்வொரு நாளும் படுத்து எழுந்திருக்கச் சில நிமிஷம்தான். வலி இல்லை. தோல் கறுத்து, பிறகு தேறியது. 2023 ஜூலையில் டமாக்ஸிஃபென் மாத்திரை ஆரம்பித்தார்கள். அது இன்றும் தொடர்கிறது. உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்க்கும். அப்போதெல்லாம் நிறுத்திவிடலாமா என்று தோன்றும். ஆனால் ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்கள் ஐந்து வருஷம் இதைச் சாப்பிட்டால், பதினைந்து வருஷத்தில் இந்த நோயால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2011-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். காலண்டரில் ஒவ்வொரு நாளும் டிக் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, கால் ஒரு பக்கம் வீங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்காவின் மாத்திரை வேறு. அது எலும்பைத் தேய்க்குமாம், அதனால் அவருக்கு எலும்பு ஸ்கேனும் கால்சியமும்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்னொரு குழந்தை வேண்டும் என்று இருந்தால், கீமோ ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு சொன்னால் வழி குறைந்துவிடும். சிகிச்சை நடக்கும்போது கர்ப்பம் கூடாது. சின்ன வயதில் நோய் வந்திருந்தாலோ, அம்மா, சித்தி, அக்கா தங்கைக்கு இருந்திருந்தாலோ, பரம்பரைச் சோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். நம் பெண் பிள்ளைகளுக்கு அது உதவும்.

இனி பணம். நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. பெங்களூரு ஒரு மணி நேரம், ஆனால் வேறு மாநிலம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எல்லை தாண்டி எந்த ஆஸ்பத்திரியிலும் ஏற்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். போகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் அது மனைவிக்கும் உண்டு. முதலில் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெங்களூரில் அதே ஓசூர் ரோட்டில் கித்வாய் ஆஸ்பத்திரி 1973-லிருந்து இருக்கிறது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த இடம் அது. எங்கே போனாலும் பழைய ரிப்போர்ட், ஸ்லைடு, பிளாக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் யோசனை கேட்பது தப்பே இல்லை. ஆனால் அதற்காக மாசக்கணக்கில் அலைய வேண்டாம்.

சூளகிரி சகோதரிக்கு: நான் எடுத்துக்கொண்டேன், அதனால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், என்னை ஒரு மாசம் குழப்பிய அதே தப்பை நான் உங்களுக்குச் செய்ததாகும். உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, வீட்டில் நிதானமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. நேரம் இருக்கிறது. ஆனால் நிறைய இல்லை.

என் மகள் அந்த மார்ச்சில் பரீட்சை எழுதினாள். அன்றைக்குக் காலையில் அவளை எழுப்பிவிட்டது நான்தான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். ஒன்றரை தோசைதான் சாப்பிட்டாள்.

டாக்டரிடம் போய் வந்ததும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.